ஐப்பசிக்கு ஒரு மரம்

ஆனி 12

தம்பிக்கு,

நான் நலம். உன் நலத்தை விசாரிக்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை. அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

மரங்களைப் பற்றி ஒரு விவரம் வேண்டும். இங்கேயே இரண்டு நர்சரி இருக்கிறது. ஒருவன் எதைக் கேட்டாலும் "நல்லா வரும் பாட்டி" என்கிறான். இன்னொருவன் தொட்டியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் பார்த்துத்தான் கன்றின் பெயரையே சொல்கிறான். வேறு வழியில்லாமல், நீயும் நர்சரிக்காரன்தானே என்று உனக்கு எழுதுகிறேன். போன் செய்திருக்கலாமே என்பாய். போனில் நீ குறுக்கே பேசுவாய். காகிதத்தில் அது முடியாது.

மகள் மொட்டை மாடியில் தேனீப் பெட்டி வைத்திருக்கிறாள். நகரத்தில் நல்ல வேலையை விட்டுவிட்டு, பேத்தியோடு இங்கே வந்து ஆரம்பித்தது. எட்டுப் பெட்டி இருந்தது. போன மழைக்காலத்தில் சுற்றிலும் ஒரு பூ இல்லை. சர்க்கரைப் பாகு வைத்துப் பார்த்தாள். ஈ தின்றது பாதி, எறும்பு தின்றது பாதி. ஒவ்வொரு கூட்டமாகக் கிளம்பிப் போய்விட்டது. மிச்சம் இரண்டு பெட்டி. "இந்த மழைக்கும் போச்சுன்னா நான் பழைய வேலைக்கே போயிடறேம்மா. வீட்டைப் பூட்டிட்டு நீயும் வந்துடு" என்கிறாள். அங்கே அவர்கள் இருந்த வீட்டை நான் பார்த்திருக்கிறேன். ஒன்பதாவது மாடி. ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டு ஜன்னல். நான் போக மாட்டேன். அவளும் பேத்தியும் போனால் இந்த வீட்டில் நானும் குழாய்ச் சொட்டும்தான்.

எங்கள் தெருவை அகலப்படுத்தி, ஓரமாகப் பதினாறு குழி தோண்டியிருக்கிறார்கள். என்ன மரம் என்று தெருச் சங்கம் சொல்லலாமாம். சங்கத் தலைவர் (மீசை என்றுதான் தெருவே கூப்பிடும்) பதினாறிலும் மயில்கொன்றை வைக்கலாம், சிவப்பாக ஜம்மென்று இருக்கும் என்றார். நான் எழுந்து, "ஒரு மாசம் விருந்து, பதினோரு மாசம் பட்டினியா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டது தப்பு. "அப்ப எந்த மாசம் எந்த மரம் பூக்கும், எதுக்கு அந்த மரம்னு நீங்களே ஒரு பட்டியல் எழுதிக் குடுங்கம்மா" என்றார். 'எழுதி' என்ற சொல்லை மட்டும் கொஞ்சம் அழுத்தினார். ஆடி முடிவதற்குள் கொடுக்க வேண்டும்.

அந்த அழுத்தம் எனக்குப் பழக்கமானது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் என் கண் ஆபரேஷனுக்கு நீ வந்தாய். படிவம் வந்தது. நான் பேனா மூடியைக் கழற்றிக் கையில் வைத்திருக்கிறேன். நீ என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "அக்காவுக்குப் படிப்பு கிடையாது சிஸ்டர், கைநாட்டு வாங்கிக்குங்க" என்றாய். ஊதா மை நாலு நாள் போகவில்லை. கட்டு அவிழ்த்ததும் புதுக் கண்ணில் முதலில் தெரிந்தது என் பெருவிரல்தான்.

மூன்றாம் வகுப்போடு நின்றவள்தான், இல்லை என்று சொல்லவில்லை. கையெழுத்துப் போடுவேன். பேப்பர் படிப்பேன், கொஞ்சம் நேரமாகும். நாற்பது வருஷமாக மண்ணில் கையை விட்டுக் கன்று நாட்டுகிறாயே, உன் பிழைப்புக்கும் பெயர் கைநாட்டுதான்.

பதில் போடு. போடாவிட்டால் அதையும் நினைவில் வைத்துக்கொள்வேன்.

அக்கா

ஜூலை 4

மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. ஆஸ்பத்திரி விஷயம் எனக்கு நினைவில் இல்லை. தாங்கள் சொன்னால் நடந்திருக்கும்.

தாங்கள் கேட்ட விவரம். தேனீக்கு மரம் தேர்ந்தெடுக்கும்போது அழகைப் பார்க்கக் கூடாது. அடுக்கு அரளி போல இதழ் மேல் இதழாக இருப்பவை வேண்டாம். வாசலெல்லாம் அலங்காரம், உள்ளே அடுப்பு பற்றவைக்காத வீடு அது. சின்னப் பூ, கொத்துக் கொத்தாக, வாய் திறந்திருக்கிற பூ நல்லது. ஒரே மரத்தைப் பதினாறு குழியிலும் வைப்பது, பதினாறு வீட்டிலும் ஒரே நாளில் கல்யாணம் வைப்பது மாதிரி. அன்றைக்கு யார் வீட்டில் சாப்பிடுவது, மறுநாள் எங்கே போவது? ஒன்று உதிரும்போது அடுத்தது மலர வேண்டும்.

அதற்கு அந்த ஊரில் எது எப்போது பூக்கிறது என்று தெரிய வேண்டும். நான் அங்கிருந்து வந்து முப்பத்தைந்து வருஷம் ஆகிறது. இங்கே பூக்கும் நாளும் அங்கே பூக்கும் நாளும் பத்து இருபது நாள் தள்ளும். யாராவது எழுதி வைத்திருந்தால் கேட்டு அனுப்பவும். மின்கம்பி தெருவின் எந்தப் பக்கம் என்பதையும் தெரிவிக்கவும்.

தங்கள் தம்பி

ஆனி 27

தம்பிக்கு,

மதிப்பிற்குரியவளா? இடுப்பில் தூக்கிச் சுமந்து மூக்கைத் துடைத்துவிட்டவளுக்குத் தாங்கள், தங்கள். ஆபீஸுக்கு மனுப் போடுகிறாயா? இன்னொரு தரம் அப்படி எழுதினால் பிரிக்காமல் திருப்பி அனுப்பிவிடுவேன்.

யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைக்க எதற்கு, நான் இருக்கிறேனே. நீ இந்த ஊருக்கு வந்தபோதெல்லாம் என்ன செய்தாய் என்று நினைத்துப் பார்த்தாலே எனக்கு மரம் தெரிகிறது.

சித்திரையில் புங்கை. உன் மகன் பள்ளி முடித்ததற்கு எல்லோரையும் நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். நீ என்னிடம், "அக்கா, கொஞ்சம் ஓரமா நில்லு" என்றாய். நின்றேன். இன்றைக்கும் உன் கூடத்தில் மாட்டியிருக்கிறதே, அதில் என் முழங்கை மட்டும் இருக்கிறது. காலடியில் புங்கம்பூ பொரி கொட்டியது மாதிரிக் கிடந்தது. அதில் தேனீ ஊர்ந்ததால் நான் செருப்பைக் கழற்றவில்லை.

அதற்கு முந்தின மாதம் வேம்பு. ஒரு பங்குனியில், வருகிறேன் என்று சொல்லிவிட்டு நீ வரவில்லை. வாசலிலேயே நின்றேன். தலையெல்லாம் வேப்பம்பூ. நாவலும் அப்போதுதான். அதன் கீழே நின்றால் மேலே யாரோ மெஷின் ஓட்டுகிற மாதிரிச் சத்தம்.

ஆனியில் புளி. என் குடையை வாங்கிக்கொண்டு போனாய். கறுப்புக் குடை, மரப்பிடி. பதினான்கு வருஷம் ஆகிறது. குடை எங்கே?

தை மாதம் பஸ் நிலையத்தில் முள்ளிலவு சிவப்பாகப் பூத்திருந்தது. உன் பெண்டாட்டி என் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்ன அண்ணி, கல்லா வெச்சிருக்கீங்க?" என்றாள். நாலு பேர் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். பல் தெரிந்தது.

புரட்டாசியில் இலந்தை. அதன் முள்ளில் உன் சட்டை கிழிந்ததற்கு, நான்தான் அந்த வழியாகக் கூட்டிப் போனேன் என்று பழி போட்டாய். முருங்கை வருஷத்துக்கு இரண்டு தடவை, தையில் ஒரு தரம், ஆவணியில் ஒரு தரம். இரண்டுக்கும் காரணம் இருக்கிறது, நீ பெரியவன் ஆகிவிட்டதால் எழுதாமல் விடுகிறேன். மார்கழியில் பூவரசு. காலையில் மஞ்சள், சாயங்காலம் சிவப்பு. கொடுத்த கைமாற்றை நான் திருப்பிக் கேட்ட அன்றைக்கு உன் முகமும் அப்படித்தான் மாறியது.

ஐப்பசியும் கார்த்திகையும் மட்டும் காலியாக இருக்கிறது. எவ்வளவு யோசித்தும் அந்த இரண்டு மாதத்தில் நீ எனக்கு எந்தத் துரோகமும் செய்ததாக நினைவு வரவில்லை. எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது. மழைக்கு நீ வருவதில்லை, அதுதான் காரணம்.

மின்கம்பி வடக்குப் பக்கம்.

அக்கா

ஜூலை 18

அக்கா,

உன் கடிதத்தை என் மனைவிக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். அது தப்பு. பஸ் நிலைய விஷயத்தை அவள் ஒப்புக்கொள்கிறாள். "ஆனா பையில நெஜமாவே குழவிக்கல்லுதானே இருந்துச்சு" என்கிறாள். கொத்திக்கொடுக்க ஆள் கிடைக்கவில்லை என்று நீ அதைத் தூக்கிக்கொண்டு அலைந்தாயாம். குடையைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. படத்தில் முழங்கை இருப்பது உண்மை. போய்ப் பார்த்தேன்.

இனி மரம். இவ்வளவு நல்ல பட்டியலை விவசாயக் கல்லூரிக்காரன்கூடக் கொடுத்ததில்லை.

புங்கை எடுத்துக்கொள். நிழலுக்கும் ஆகும், தேனுக்கும் ஆகும். வேம்பும் வை. நாவல், வண்டி நிறுத்துகிற இடத்தில் வேண்டாம். பழம் விழுந்து கறை படிந்தால் மீசை உன்னைச் சும்மா விடமாட்டார். புளி ஒன்று போதும், தெருக்கோடியில். முள்ளிலவு முள்ளும் உயரமும் தெருவுக்கு ஆகாது, இலந்தையும் அப்படித்தான். இலந்தை வேண்டுமானால் உன் வீட்டுப் பின்சுவர் ஓரம் ஒன்று வைத்துக்கொள். யார் சட்டை கிழிந்தாலும் என்னைச் சொல்லாதே. கம்பிக்குக் கீழே பூவரசு வை, கழிக்கக் கழிக்கத் தழையும், கிளையைப் போத்தாக வெட்டி நட்டாலே பிடிக்கும், இரண்டாம் வருஷமே பூ பார்க்கலாம். வீட்டு ஓரங்களில் முருங்கைப் போத்து ஊன்றச் சொல். அது ஒரு வருஷத்துக்குள் பூத்துவிடும். தேன்சிட்டும் வரும், கருவண்டும் வரும், எல்லாம் விருந்தாளிதான். ஒன்று மட்டும் முக்கியம், பூத்திருக்கும்போது யாரும் மருந்து அடிக்கக் கூடாது. விருந்துக்குக் கூப்பிட்டு விஷம் வைத்த பாவம்.

ஐப்பசிக்கும் கார்த்திகைக்கும் எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை. யோசித்துப் பார்க்கிறேன்.

உன் தம்பி

ஆடி 8

தம்பிக்கு,

காலியாக இருக்கிற இரண்டு மாதத்தில்தான் ஆறு பெட்டியும் போனது. மற்ற பத்து மாதத்துக்கு நீ பந்தி வைத்து எனக்கு என்ன பிரயோஜனம்?

கார்த்திகைக்கு மரமல்லி வைக்கலாம் என்று மீசை சொன்னார். வெள்ளையாக, வாசனையாக, தரையெல்லாம் கொட்டும் என்றார். நானும் தலையாட்டிவிட்டேன். மகள் போன வருஷம் புத்தகத்தில் அழுத்தி வைத்த ஒரு பூவைக் கொண்டுவந்து கையில் கொடுத்து, "நீளத்தைப் பாரும்மா" என்றாள். என் விரல் நீளத்துக்குக் குழல். தேன் அடியில்தான் இருக்குமாம். தேனீயின் நாக்கு எட்டாது. ராத்திரி வருகிற அந்துப்பூச்சிக்குத்தான் எட்டுமாம். கொக்குக்கு வைத்த சாப்பாடு. அந்துப்பூச்சியும் பிழைக்கட்டும், ஆனால் என் மகள் அந்துப்பூச்சியால் இங்கே இருக்கப் போவதில்லை.

நேற்று அவள் காலிப் பெட்டி ஆறையும் கழுவிக் காயவைத்தாள். "எதுக்கு?" என்று கேட்டேன். "சுத்தமா இருந்தாதான் விலைக்குப் போகும்" என்றாள்.

மரம் தெரியாமல் நாற்பது வருஷம் எப்படிப் பிழைத்தாய்? கூட்டம் ஆடி கடைசி ஞாயிறு. நினைத்துப் பார்.

அக்கா

ஜூலை 30

அக்கா,

தெரியாமல் இல்லை. பட்டியலில் ஒரு மரத்தை எழுதாமல் விட்டேன்.

பூந்திக்கொட்டை. ஐப்பசியில் ஆரம்பித்துக் கார்த்திகை, சில வருஷம் மார்கழி வரை பூக்கும். பூ இருப்பதே கண்ணுக்குத் தெரியாது, வெளிறிய பச்சையில் பொடிப்பொடியாக இருக்கும். காதுக்குத்தான் தெரியும். மழை விட்ட நேரத்தில் அடியில் நின்றால் மரமே முனகுகிற மாதிரி இருக்கும். அதைவிட நல்ல மழைக்கால மரம் எனக்குத் தெரிந்து இல்லை. அந்த ஊரில் அது ஐப்பசியில்தான் பூக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும் என்று நீ கேட்பாய். அதனால்தான் எழுதவில்லை.

நான் ஒன்றாம் வகுப்பு. நீ பள்ளியை விட்டு ஒரு வருஷம் ஆகியிருந்தது. அம்மா படுத்த படுக்கையாக இருந்தாள். ஒருநாள் உன் டீச்சர் என்னைக் கூப்பிட்டு, நாலாக மடித்த காகிதம் ஒன்றைக் கொடுத்து, "அப்பாகிட்ட குடு. அக்காவை மத்தியானத்துக்கு மேல அனுப்பச் சொல்லியிருக்கேன், நானே சொல்லிக் குடுக்கறேன்" என்றார்.

வெளியே வந்தேன். மழை விட்டிருந்தது. பள்ளிக் கதவை ஒட்டிய பூந்திக்கொட்டை மரத்தில் தேனீ இரைந்தது. எனக்குப் பயம், அந்த வழியாகத்தான் போகவேண்டும். அங்கேயே நின்றுகொண்டிருந்தபோது ஒன்று தோன்றியது. மத்தியானம் நான் வீட்டுக்கு வரும்போது நீதான் கதவைத் திறப்பாய், நீதான் சோறு போடுவாய். நீ பள்ளிக்குப் போய்விட்டால் யார் திறப்பார்கள்? காகிதத்தைக் கப்பல் செய்து ஓடைத் தண்ணீரில் விட்டேன். நன்றாகத்தான் போயிற்று.

ஆறு வயதில் அது துரோகம் என்று தெரியாது. ஆனால் மறைக்க வேண்டும் என்று மட்டும் தெரிந்தது. அப்புறம் வயது ஏற ஏறச் சொல்ல முடியாமல் போயிற்று. ஆஸ்பத்திரியில் உனக்குப் படிப்பு கிடையாது என்று சொன்னவன் நான். நினைவில் இல்லை என்று எழுதியது பொய். பேனா மூடியைக் கழற்றி நீ வைத்திருந்ததையும் பார்த்தேன். பார்த்ததால்தான் திரும்பவில்லை.

இந்த ஊருக்கு வந்து சொந்தமாக நர்சரி ஆரம்பித்த வருஷம் அந்தப் பள்ளி மரத்தின் கொட்டையைப் பொறுக்கி வந்து இங்கே நட்டேன். இரண்டு பெரிய மரம் நிற்கிறது. கேட்டாலும் அதன் கன்று விற்பதில்லை. உனக்கு இரண்டு எடுத்து வைத்திருக்கிறேன். பூக்க எட்டு வருஷமாவது ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், அப்புறம் அதையும் மறைத்தேன் என்பாய்.

மன்னித்துவிடு என்று எழுதக் கை வரவில்லை. எழுதியதாக வைத்துக்கொள்.

தம்பி

ஆடி 19

கடிதம் கிடைத்தது.

ஆகஸ்ட் 10

அக்கா,

இரண்டே வார்த்தையில் ஒரு கடிதம் இந்த வீட்டுக்கு இதுவரை வந்ததில்லை. அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கமும் ஒன்றுமில்லை. என் மனைவி, "திட்டலேன்னாதான் பயமா இருக்கு" என்கிறாள். எனக்கும்தான். திட்டியாவது எழுது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எட்டு வருஷம் உன் தேனீ காத்திருக்காது. ஆனால் என் இரண்டு மரமும் இந்த ஐப்பசியிலேயே பூக்கும். பெட்டிகளை இரண்டு மாதம் இங்கே கொண்டுவந்து வைக்கலாம். தேனீ வளர்ப்பவர்கள் பூ இருக்கிற இடத்துக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவதுதான் வழக்கம். மகளிடம் கேள். என்னைப் பார்க்கப் பிடிக்காவிட்டால், நீங்கள் இறக்கி வைக்கும்போது நான் வெளியூர் போயிருக்கிறேன்.

தம்பி

ஆவணி 3

தம்பிக்கு,

பதினைந்து நாள் உன்னைத் திட்ட வார்த்தை தேடினேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் குடைக்கும் முழங்கைக்கும் செலவழித்துவிட்டேன்.

அதே மழைக்காலத்தில் அந்த டீச்சர் என்னை ரோட்டில் பார்த்தார். நான் தண்ணீர்க் குடத்தோடு நிற்கிறேன். "அப்பா என்ன சொன்னார்?" என்று கேட்டார். எதைக் கேட்கிறார் என்று புரியாமல், "ஒண்ணும் சொல்லல டீச்சர்" என்றேன். அவர் முகம் ஒரு மாதிரி ஆகி, தலையைத் தடவிவிட்டுப் போய்விட்டார். எதற்குத் தடவினார் என்று அறுபது வருஷமாக எனக்குத் தெரியாது. அது ஐப்பசியா, எந்த மாதம் என்றுகூட நினைவில்லை. என் நினைவில் பூ இல்லாத ஒரே நாள் அதுதான்.

அப்பாதான் என்னைப் படிக்க அனுப்பவில்லை என்று நினைத்து, அவர் போகிற வரை அவரிடம் நான் சரியாகப் பேசவில்லை. உனக்குத் தெரியும். செத்தவர் மேல் வைத்த கோபத்தை இனி எப்படித் திரும்ப எடுப்பது? எடுத்து உன் மேல் போட்டால் நீ தாங்குவாயா? அறுபத்தைந்து வயது, முழங்கால் வேறு சரியில்லை. நாலு நாள் சமைக்கும்போதெல்லாம் அப்பாவிடம்தான் பேசிக்கொண்டிருந்தேன். மகள், "யாரும்மா?" என்றாள். "ஒரு பழைய பாக்கி பேச்சு" என்றேன்.

கூட்டம் முடிந்தது. பட்டியலை நானே படித்தேன். மெதுவாகத்தான் படித்தேன், ஒருவரும் எழுந்து போகவில்லை. புங்கை நாலு, வேம்பு மூன்று, பூவரசு மூன்று, நாவல் இரண்டு, பூந்திக்கொட்டை இரண்டு, புளி ஒன்று. பதினாறாவது குழி மீசை வீட்டு வாசலில் இருக்கிறது, அதில் மயில்கொன்றை. மனுஷனுக்கும் ஆசை இருக்கும் அல்லவா. மீசை காகிதத்தை வாங்கிப் பார்த்து, "யாரும்மா எழுதிக் குடுத்தது?" என்றார். "ஏன், எழுத்துல எதாவது தப்பா?" என்றேன். "இல்ல, அழகா இருக்கு" என்றார். அங்கேயே பேனா வாங்கி, எல்லார் முன்னாலும் கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். குழிக்கு ஒரு வீட்டுக்காரர் தண்ணீர் ஊற்றுவதாகப் பேச்சு. மருந்து அடிக்கிறதில்லை என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள், கோடி வீட்டுக்காரரைத் தவிர. அவரை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் யோசனையை மகளிடம் சொன்னேன். கழுவி வைத்த பெட்டிகளைத் திரும்பிப் பார்த்தாள். "மாமா மரத்துல கூட்டம் பெருகிச்சுன்னா பிரிச்சு இன்னும் ரெண்டு பெட்டில விடலாம்" என்றாள். பெருகினால் என்றுதான் சொன்னாள். ஆனால் விலை விசாரிக்க வந்தவனுக்கு, பெட்டி விற்கிறதில்லை என்று பதில் சொல்லி அனுப்பிவிட்டாள். இந்த வருஷம் பேத்திக்கு இங்கேதான் பள்ளி.

மன்னிப்புக் கேட்டு எழுதியதாக வைத்துக்கொள் என்றாய். சரி, வைத்துக்கொண்டேன். கொடுப்பதற்கு நாள் ஆகும். உன் கன்றுக்கே எட்டு வருஷம் என்கிறாய், எனக்கு அதைவிடக் குறைவாக எதிர்பார்க்காதே. அதுவரை நீயும் உயிரோடு இருக்க வேண்டும், நானும் இருக்க வேண்டும். முழங்காலுக்கு வைத்தியம் பார்.

ஐப்பசி முதல் ஞாயிறு வருகிறோம். நீ வெளியூரெல்லாம் போக வேண்டாம், வேனிலிருந்து பெட்டி இறக்க ஆள் வேண்டும். தேனீ வழியில் கலையாமல் இருக்க வாசலுக்கு வலை வைத்து அடைத்துக்கொண்டுதான் வருவோம். என் வாயை அடைக்க அப்படி ஒரு வலை கிடையாது. உன் பெண்டாட்டியிடமும் சொல்லி வை.

அக்கா